மதலேனைத் தட்டிப் பார்த்தேன்

ஜனவரி 7, செவ்வாய்

தீபாவளிக்குப் பிறகு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது. திலீபன் என்று ஒருவர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கப்போகிறாராம். வாங்குமுன் ஒரு சர்வேயர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். படகு நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் யார்டில் கரையேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். முப்பதடி நீளம், நாற்பது வயது, பெயர் மதலேன்.

திலீபனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. போனில் ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக வந்து விழுந்தது. இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. பாங்கில் இருக்கும் அந்தப் பெண், மருந்துக்கடைக்காரர், என் சொந்தத் தம்பி, எல்லாருக்கும் பேச்சு பாதியிலேயே தேய்ந்துபோகிறது. இவர் மட்டும் வாத்தியார் டிக்டேஷன் கொடுப்பதுபோல் பேசினார்.

"பழைய கார் வாங்கற மாதிரி நெனைக்காதீங்க. கார் நின்னுட்டா எறங்கி நடந்து வந்துடலாம்" என்றேன். சிரித்தார்.

பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி வசுமதி வாசலிலிருந்து ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். பிறகு பார்த்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனாளாம். சொல்வதை எதிரில் வந்து சொன்னால் என்ன.

ஜனவரி 8, புதன்

பையை எடுத்துத் தூசி தட்டினேன். டார்ச், பூதக்கண்ணாடி, முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், முழங்காலுக்கு ரப்பர் பாய், ஈரம் பார்க்கும் மீட்டர், சுத்தியல். சுத்தியல்தான் முக்கியம். பிளாஸ்டிக் தலை, பார்த்தால் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

இந்த ஃபைபர் படகுகளின் மேல்தளம் ஒரு க்ரீம் பிஸ்கட். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் லேசான பால்சா மரம். எங்காவது ஒரு ஆணித்துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால் நடுவிலிருக்கும் மரம் ஊறி மட்கிக் கூழாகிவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். நல்ல இடம் 'டக்' என்னும், ஊறின இடம் 'தொப்' என்னும். அவ்வளவுதான் வித்தை.

மீட்டரை நான் பெரிதாக நம்புவதில்லை. கப்பல் கட்டும் தளத்தில் என் காதுக்கு ஒரு பெயர் இருந்தது. "கோதண்டபாணி தட்டிட்டாரா? அப்ப சரி" என்பார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஜனவரி 10, வெள்ளி

உடம்பெல்லாம் வலி. ஆனால் மனசுக்கு நன்றாக இருக்கிறது, வேலை செய்த வலி.

படகின் சொந்தக்காரர் சவரிராயன். பிரெஞ்சுக் கப்பற்படையில் இருந்து பென்ஷன் வாங்குபவர், ஊரில் முசியே என்பார்கள். கடலில் போக இனி முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்பதால் விற்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த மீசை. மேலுதட்டை முழுக்க மூடிக்கொண்டு கீழுதட்டுக்கும் பாதி வருகிறது. அதற்குள்ளிருந்து வருகிற பேச்சு பக்கத்து யார்டின் ஜெனரேட்டர் சத்தத்தோடு சேர்ந்து எங்கேயோ போய்விடுகிறது.

அடியிலிருந்து ஆரம்பித்தேன். நீரில் இருக்கும் பகுதியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், அம்மைத் தழும்பு மாதிரி. இந்த வயசுப் படகுக்கு அது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. அடியில் கனத்துக்காகத் தொங்கும் கீலை உடம்போடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பார்த்தேன், துரு இல்லை. சுக்கானைப் பிடித்து ஆட்டினேன், கொஞ்சம் ஆட்டம் கொடுக்கிறது, புஷ் மாற்றினால் போதும். தண்ணீர் உள்ளே வரும் வால்வுகளில் ஒன்று இறுகிப்போயிருந்தது. பாய்களை விரித்துத் தையலை நகத்தால் கீறிப் பார்த்தேன், வெயிலில் நூல் நைந்திருக்கிறது. எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. இதெல்லாம் கண்ணாலும் கையாலும் பார்க்கிற வேலை. ஒன்றையும் விடவில்லை.

திலீபன் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். சாஃப்ட்வேர் வேலை. படகு ஓட்டுவதை முறையாகக் கற்றிருக்கிறார். மனைவி பூங்குழலி, ஏழு வயது மகள் நறுமுகை. மூவரும் கொஞ்ச காலம் படகிலேயே வாழப்போகிறார்களாம், முதல் பயணம் திருகோணமலைக்கு. குழந்தை என்னைச் சுற்றிச் சுற்றி வந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தது, சத்தமே வரவில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். பூங்குழலி பக்கத்தில் வந்து, "எத்தன தடவ கேக்கறா சார் உங்கள. அந்தச் சுத்திய ஒரு தடவ குடுப்பீங்களாம்" என்றார். கொடுத்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு நானும் முசியேயும் மேலே ஏறினோம், திலீபன் எஞ்சினைப் போட்டோ எடுக்கக் கீழேயே நின்றுவிட்டார். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பவை இரண்டு பக்கமும் வரும் எஃகுக் கம்பிகள். அவற்றின் கீழ்முனை மேல்தளத்தில் இறங்கும் எஃகுப் பட்டைகளில் மாட்டியிருக்கும். காற்றில் ஒரு கம்பி அறுந்தாலும், பட்டை பிடுங்கிக்கொண்டாலும், மரம் மொத்தமும் கீழே இருப்பவர்கள் தலைமேல் விழும். அதனால் கம்பியின் வயசு முக்கியம். முசியே கம்பியைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். "என்ன?" என்றேன். மறுபடி சொன்னார். மாற்றியாயிற்று என்கிறார். பார்க்கவும் புதிதுபோல்தான் இருக்கிறது, நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டேன்.

மேல்தளம் முழுக்கத் தட்டினேன். முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே சத்தம். மீட்டர் மட்டும் சில இடங்களில் சிவப்பு காட்டியது. இரண்டு நாளைக்கு முன் பெய்த மழை, தளம் இன்னும் காய்ந்திருக்காது. மீட்டரைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அறிக்கை எழுதி முடித்தேன். 'மேல்தளம்: தட்டிப் பரிசோதிக்கப்பட்டது, உள்ஈரம் இல்லை. பக்கக் கம்பிகள்: மாற்றப்பட்டவை.' கையெழுத்துப் போடுமுன் ஒரு காபி குடித்தேன். பிறகு இன்னொரு காபி. மறுபடி ஒரு தடவை போய்த் தட்டிவிட்டு வரலாமா என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வசுமதி பக்கத்து வீட்டுக்குப் போகும்போது குக்கரில் மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொன்னாள். இந்தத் தடவை எதிரில் நின்றுதான் சொன்னாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு விசிலும் வரவில்லை. வடைக்கு ஊறவைத்ததைத் தவிர வீட்டில் இருந்த பருப்பெல்லாம் கருகிவிட்டது. கேஸ்கட் போய்விட்டது என்றேன். வசுமதி கருகின பருப்பைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 15, புதன்

புது கேஸ்கட் வாங்கினேன்.

ஜனவரி 22, புதன்

திலீபன் படகை வாங்கிவிட்டார். மூவருமாக வீட்டுக்கே ஸ்வீட் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "உங்க ரிப்போர்ட் பாத்ததுக்கு அப்புறந்தான் சார் எங்களுக்கு தைரியமே வந்துச்சு" என்றார் பூங்குழலி. இருவரும் வேலையை விட்டாயிற்று, சென்னை ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டாயிற்று, இங்கே சின்ன வீடு ஒன்றில் சாமான்களோடு தங்கியிருக்கிறார்கள். பெயின்ட் அடித்து, சுக்கானுக்கு புஷ் மாற்றி, அடுத்த மாதம் இறக்கப்போகிறார்கள். இறக்குகிற அன்றைக்கு நான்தான் தேங்காய் உடைக்க வேண்டுமாம்.

சரி என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜனவரி 29, புதன்

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனோம். முசியே அங்கே வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்து ஏதோ கேட்டார். கூட்டத்தில் எங்கே கேட்பது, தலையாட்டினேன். பிறகு வசுமதியோடு வெகுநேரம் பேசினார்.

வீட்டுக்கு வந்து மீனை நறுக்கிக்கொண்டே வசுமதி கேட்டாள். எனக்கு நேர் எதிரில், முகத்தை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்.

"படகுக்குக் கம்பி மாத்த ஆளு வந்தாச்சான்னு கேட்டாரே, அதுக்கா தலையாட்டுனீங்க?"

"எந்தக் கம்பி? அதெல்லாம் மாத்தியாச்சு."

"யாரு சொன்னது?"

"அவரேதான் சொன்னாரு."

"அவரு 'மாத்தியாகணும்'னு சொன்னாராம். ரெண்டு தடவ சொன்னாராம். பதினெட்டு வருஷக் கம்பி, பட்டைக்கிட்ட தண்ணி வேற எறங்குது, வாங்கறவங்க கிட்ட சொல்லிடுங்கன்னு சொன்னாராம். நீங்க தலையாட்டிட்டு எழுதிக்கிட்டீங்களாம். சர்வேயரே எழுதிக்கிட்டாரு, நாம எதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லணும்னு விட்டுட்டேங்கறாரு."

சாப்பிடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

மாத்தியாச்சு. மாத்தியாகணும். தனியாக உட்கார்ந்து இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். 'மாத்தியா' வரைக்கும் ஒன்றுதான். நம் மொழியில் ஆச்சா, ஆகணுமா, ஆகாதா, எல்லாம் கடைசியில்தான் வருகிறது. அந்தக் கடைசிக்குள் பேசுகிறவர்கள் மூச்சை விட்டுவிடுகிறார்கள். முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை நான் போட்டுக்கொள்கிறேன். எனக்கு எது வசதியோ அதைப் போட்டுக்கொள்கிறேன்.

இரண்டு தடவை 'என்ன?' என்று கேட்கலாம். மூன்றாவது தடவை கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்ப்பதற்குப் பதில்தான் தலையாட்டுகிறேன். இதை இதற்கு முன் எங்கேயும் நான் எழுதினதில்லை.

பிப்ரவரி 1, சனி

யார்டுக்குப் போனேன். பெயின்ட் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். திலீபன் ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மேலே ஏறி, கம்பிப் பட்டையைச் சுற்றி மீட்டரை வைத்தேன். மழை விட்டுப் பல நாளாகிறது, வெயில் சுட்டெரிக்கிறது, தளத்தில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. முள் சிவப்புக்குள் போய் நின்றது. நகர்த்தி வைத்தேன், அங்கேயும் நின்றது.

சுத்தியலை எடுத்துத் தட்டினேன். ஒரே சத்தம். உண்மையைச் சொல்வதானால், சுத்தியல் தளத்தில் படுவது கைக்குத் தெரிகிறது. சத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

பூங்குழலி கீழேயிருந்து டீ நீட்டினார். குழந்தை முன்பக்கத்தில் தனக்கென்று ஒரு படுக்கைக்குப் பூப்போட்ட துணி விரித்திருந்தது, கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டியது. "பெயின்ட் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த டீயைக் குடித்தேனே என்று இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

வசுமதி சண்டை போட்டு காது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கண்ணாடி வைத்த அறையில் உட்காரவைத்து, பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மெஷினைத் தட்டும்போது அவள் தோள் லேசாக அசைவது தெரிந்தது. தோள் அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். பாஸாகிவிடுவேன் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்து என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றாள்.

மெல்லிய சத்தம், விசில் மாதிரிக் கீச்சென்ற சத்தம் எல்லாம் போய்விட்டதாம். கப்பல் கட்டும் தளத்தில் கிரைண்டர் சத்தத்தில் நின்ற வருஷங்கள் என்றார் டாக்டர். காதில் மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும், பழையபடி ஆகாது என்றார். வசுமதி அழவில்லை. ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அது இன்னும் மோசமாக இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

திலீபனுக்கு மெசேஜ் தட்டச்சு செய்தேன். அழித்தேன். 'கம்பியை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சின்னதாக ஒன்று எழுதினேன். அதில் என் தப்பு எதுவும் இல்லாதபடி எழுதியிருந்தேன், படித்துப் பார்க்கும்போது தெரிந்தது. அதையும் அழித்தேன்.

பயம் என்னவென்றால், சொன்னால் இத்தோடு என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். இதுவரை தட்டிச் சரி என்று சொன்னதையெல்லாம் சந்தேகப்படுவார்கள். சந்தேகப்படுவதும் நியாயம்தான்.

"அவங்க எப்ப எறக்கறாங்க?" என்று கேட்டாள் வசுமதி.

"ஞாயித்துக்கெழம."

"ரெண்டு வருஷமா இந்த வீட்ல நான் கத்திக்கிட்டிருக்கேன். எனக்கு சொல்லலன்னா பரவால்ல, நான் பழகிட்டேன். அந்தக் கொழந்த ஏறப்போற படகு அது."

"சொல்றேன்."

"எப்ப?"

நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். கேட்டது. நன்றாகவே கேட்டது.

பிப்ரவரி 8, சனி

சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் போகும்போதே கிரேன் வந்து நின்றிருந்தது. மதலேனின் வயிற்றுக்குக் கீழே இரண்டு வார் போட்டு இறுக்கிவிட்டார்கள். முன்முனையில் மல்லிகை மாலை, பக்கத்தில் எலுமிச்சம்பழம். இறக்கிவிட்டு மத்தியானக் காற்றில் மூவரும் முதல் தடவையாக வெளியே ஒரு சுற்றுப் போவதாகத் திட்டம். குழந்தை ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை இப்போதே போட்டுக்கொண்டிருந்தது. முசியே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். வசுமதி என் பக்கத்தில் நின்றாள்.

திலீபன் தேங்காயை என் கையில் கொடுத்தார். கிரேன்காரர் கையை உயர்த்தினார். வார் விறைத்தது, படகு முட்டுக்கட்டையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பியது.

"எறக்காதீங்க" என்றேன்.

திலீபன் ஓடி வந்தார். "என்ன சார்?"

"எனக்குக் காது கேக்காது."

"என்ன சார் சொல்றீங்க?"

"காது கேக்காதுங்க. ரெண்டு வருஷமா. பெரிய சத்தம் கேக்கும், நீங்க பேசறது கேக்கும். சின்ன சத்தம் எதுவும் கேக்காது."

பூங்குழலி குழந்தையைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார். என் வாயைப் பார்த்தார், பிறகு தேங்காயைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு நீங்க தட்டுனது?" என்றார்.

"தட்டுனேன். கேக்கல."

அதற்குப் பிறகு மீதியைச் சொல்வது சுலபமாக இருந்தது. கம்பி மாற்றியது இல்லை, மாற்ற வேண்டியது, முசியே சொன்னார், நான் தலையாட்டினேன், மீட்டர் சிவப்பு காட்டியது, மழைமேல் பழி போட்டேன். போன வாரம் சனிக்கிழமை வந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன், தெரிந்தும் உங்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனேன். முசியே ஓரமாக நின்றவர் அப்படியே முட்டுக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் தெரிஞ்சுதான் வாங்குனாங்கன்னு நெனச்சேன்" என்றார் என்று வசுமதி பிறகு சொன்னாள்.

திலீபன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். கிரேன்காரரிடம் கையைக் காட்டிப் படகைப் பழையபடி உட்காரவைத்தார். "எவ்வளவு மோசம்னு எப்படித் தெரிஞ்சிக்கறது?" என்று கேட்டார். குரல் முன்போல் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் 'சார்' இல்லை.

"நான் தட்டறேன். நீங்க கேளுங்க."

ஏணி வைத்து இருவரும் ஏறினோம். முன்முனையில் ரப்பர் பாயைப் போட்டு மண்டியிட்டேன். அவரும் எனக்கு எதிரில் மண்டியிட்டார். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. "டக்குனு வந்தா நல்ல எடம். தொப்புனு செத்த மாதிரி வந்தா அங்க கைய வைங்க. திரும்ப நல்லா வந்ததும் எடுத்துடுங்க" என்றேன்.

தட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கையை வைக்கவில்லை. நகர்ந்து நகர்ந்து தட்டினேன். முன்பக்கம் நன்றாக இருந்தது, குழந்தையின் படுக்கைக்கு மேலே நன்றாக இருந்தது. ஒருவேளை கொஞ்ச இடம்தானோ என்று எனக்கு ஆசை வந்தது. பட்டையைச் சுற்றி மட்டும் அறுத்தெடுத்துப் புது மரம் வைத்துவிடலாம், அந்த வேலையை நானே இருந்து செய்து தருவேன் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

பாய்மரத்தைத் தாண்டினோம். பக்கக் கம்பி இறங்கும் பட்டைக்குக் கிட்டே வந்ததும் திலீபனின் உள்ளங்கை தளத்தில் பதிந்தது. நான் நிற்கவில்லை, பட்டையைச் சுற்றித் தட்டினேன், அதற்குப் பின்னால் தட்டினேன், ஜன்னலோரம் தட்டினேன். அவர் கை தளத்தைத் தேய்த்துக்கொண்டே சுத்தியலோடு வந்தது. பாதித் தூரத்தில் அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். நானும் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு தட்டினேன். சுக்கான் வந்தது, பின்முனைக் கம்பி வந்தது, அதற்கு மேல் தட்ட இடமில்லை. அவர் கையை எடுக்கவில்லை.

கீழேயிருந்து பூங்குழலி ஏதோ கேட்டார். திலீபன் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.